மூங்கில் வெட்ட யாரைக் கேட்க வேண்டும்?

பிறந்த குழந்தையை முறத்தில் கிடத்தி எடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த முறம் மூங்கிலில் முடைந்தது. கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை, வெள்ளையடிக்க ஏறும் ஏணி, திருவிழாக் கடைகளுக்குக் கட்டும் தட்டி, கடைசியில் நான்கு பேர் தோள் கொடுக்கும் பாடை வரை எல்லாம் மூங்கில்தான். பாதியை பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பிடுங்கிக்கொண்டுவிட்டன. ஆனாலும் மூங்கில் நம்மை விட்டு முழுசாகப் போய்விடவில்லை.

சரி, ஒரு சின்னக் கேள்வி. மூங்கில் மரமா, புல்லா?

வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். ‘புல்’ என்று உடனே சொல்லிவிடும். நெல், கரும்பு, சோளம் எல்லாம் எந்தக் குடும்பமோ, மூங்கிலும் அதே குடும்பம். இதற்கு வெளிநாட்டுத் தாவரவியல்கூட நமக்கு வேண்டாம். தொல்காப்பியத்தின் மரபியலிலேயே இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வைரம் உள்ளே பாய்ந்திருந்தால் மரம், வெளிப்புறத்தில் பாய்ந்திருந்தால் புல். தென்னை, பனை, மூங்கில் எல்லாம் இந்தக் கணக்கில் புல்தான்.

ஆனால், 1927-ல் வெள்ளைக்காரர்கள் எழுதிய இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சுதந்திரம் வந்தும் அந்த வரி மாறவில்லை. 2017-ல்தான் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. காட்டுக்கு வெளியே, சொந்த நிலத்தில் வளர்க்கும் மூங்கிலை வெட்டி எடுத்துப்போக இனி மரத்துக்கான அனுமதி வேண்டாம் என்றார்கள். தொண்ணூறு வருஷம் ஒரு புல் மரமாகவே இருந்தது.

‘இதெல்லாம் வக்கீல்கள் கவலைப்பட வேண்டிய விஷயம், நமக்கென்ன?’ என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மெண்டா கிராமத்தின் கதையைப் படிக்கும்வரை. இந்த ஒரு வார்த்தைக்காக அந்த ஊர் அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறது.

நூறு வீடு, நாலாயிரம் ஏக்கர்

மகாராஷ்டிரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது கட்சிரோலி மாவட்டம். செய்தியில் அடிபட்டால் பெரும்பாலும் மாவோயிஸ்ட் மோதல் என்றுதான் அடிபடும். மாவட்டத்தின் பெரும்பகுதி காடு. இங்கே தனோரா வட்டத்தில், லேகா என்ற ஊராட்சிக்குள் இருந்துவந்த சிற்றூர் மெண்டா. இரண்டு பெயரையும் சேர்த்து ‘மெண்டா லேகா’ என்றே வெளியுலகம் சொல்கிறது. ஏறக்குறைய நூறு வீடுகள், ஐந்நூறு பேர். எல்லோரும் கோண்டு பழங்குடியினர். ஊரைச் சுற்றி சுமார் 1,800 ஹெக்டேர் காடு. நம் கணக்கில் 4,400 ஏக்கருக்கு மேல்.

வீட்டுக்கு மூங்கில், அடுப்புக்கு விறகு, இலுப்பைப்பூ, தேன், பீடி இலை என்று அந்த ஊருக்கு எல்லாமே காடுதான். ஆனால், காகிதத்தில் காடு வனத்துறையுடையது. மூங்கில் வெட்டும் குத்தகை ஒரு காகித ஆலைக்கு. லாரி லாரியாக ஆலைக்குப் போவது சட்டப்படி சரி. கூரைக்கு நாலு கழி வெட்டிய ஊர்க்காரர் மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். இப்படித்தான் இருந்தது நிலைமை.

எண்பதுகளின் முற்பகுதியில் அந்தப் பகுதிக்குப் பெரிய அணைத் திட்டங்கள் வந்தன. காடும் ஊர்களும் மூழ்கும் என்று தெரிந்ததும் பழங்குடி மக்கள் திரண்டார்கள். பாபா ஆம்தே போன்றவர்கள் துணை நின்றார்கள். திட்டங்கள் கிடப்பில் போடப்பட்டன. போராட்டம் முடிந்து வீடு திரும்பிய மெண்டா மக்களுக்கு ஒரு யோசனை வந்தது. ‘அணையைத் தடுத்தாயிற்று. மிச்சமிருக்கும் காட்டை யார் பார்த்துக்கொள்வது?’

இந்த யோசனையை ஊரோடு உட்கார்ந்து பேசி வளர்த்தவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் அதே ஊர்க்காரரான தேவாஜி தோஃபா. இன்னொருவர் ‘விருட்சமித்ரா’ அமைப்பின் மோகன் ஹீராபாய் ஹீராலால். பேச்சின் முடிவில் ஊருக்கு ஒரு முழக்கம் கிடைத்தது: ‘டெல்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசாங்கம், எங்கள் ஊரில் நாங்களே அரசாங்கம்.’

கேட்பதற்கு ஏதோ கலகக் குரல் மாதிரி இருக்கும். ஆனால், டெல்லியையும் மும்பையையும் அவர்கள் ‘எங்கள் அரசாங்கம்’ என்றுதான் சொல்கிறார்கள். ஊர் வேலையை ஊர் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அதில் இருக்கும் சேதி.

ஓட்டெடுப்பு இல்லாத கிராம சபை

நம் ஊர்க் கிராம சபைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? மைக்செட், தண்ணீர் பாட்டில், வாசிக்கும் தீர்மானங்கள், கையெழுத்து நோட்டு. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மெண்டாவில் வேறு மாதிரி. அங்கே ஓட்டெடுப்பே கிடையாது. எல்லோருக்கும் சம்மதம் என்றால்தான் தீர்மானம். ஒருவர் ஒப்பவில்லை என்றாலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். ‘51 பேர் ஜெயித்து 49 பேர் தோற்றால், அந்த 49 பேரும் மறுநாள் காட்டுக்குள் போய் தீர்மானத்தை மீறுவார்கள்’ என்கிற எளிய நியாயம்தான் இதற்குப் பின்னால் இருப்பது. காட்டுக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. உள்ளே போகும் ஒவ்வொருவரும் மனசார ஒத்துக்கொண்டால் ஒழிய, எந்த விதியும் அங்கே நிற்காது.

கூட்டத்தில் பேசுவதற்கு விவரம் வேண்டுமே? அதற்காகத் தனியாகப் படிப்பு வட்டம் வைத்திருக்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது, தேனீயைக் கொல்லாமல் தேன் எடுப்பது எப்படி என்று பேசிப் பேசிக் கற்றுக்கொள்வார்கள். முடிவெடுக்கும் இடம் கிராம சபை. கற்றுக்கொள்ளும் இடம் படிப்பு வட்டம். இரண்டையும் பிரித்து வைத்தது கெட்டிக்காரத்தனம்.

உரசல்களும் உண்டு. கோண்டு ஊர்களில் ‘கோட்டுல்’ என்று ஒரு பொது மண்டபம் இருக்கும். இளவட்டங்கள் கூடிப் பாடவும் ஆடவும், பெரியவர்களிடம் ஊர் வழக்கங்களைக் கற்கவுமான இடம். மெண்டாவில் காட்டிலிருந்து மரம் கொண்டுவந்து கோட்டுல் கட்டினார்கள். ‘இது திருட்டு மரம்’ என்று வனத்துறை வந்து அதைப் பிரித்துப் போட்டது. ஊர் மறுபடியும் கட்டியது. பக்கத்து ஊர்களும் தங்கள் ஊர்களில் கட்டத் தொடங்கின.

ஒரு சீட்டுப் புத்தகத்துக்காக

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்பவர்களுக்கு இரண்டு வகையான உரிமை இதில் இருக்கிறது. ஒன்று, உழுது பயிர் செய்யும் நிலத்துக்குத் தனிப்பட்ட பட்டா. இதைப் பற்றித்தான் நாம் அதிகம் கேள்விப்படுகிறோம். இன்னொன்று, சமூக வன வள உரிமை. ஊர் வழிவழியாகக் காப்பாற்றிப் பயன்படுத்திவந்த காடு முழுவதையும் நிர்வகிக்கும் பொறுப்பை கிராம சபையிடமே கொடுப்பது. காட்டை விற்க முடியாது. யாருக்கும் எழுதி வைக்கவும் முடியாது. பாதுகாத்து, அதில் விளைவதை எடுத்து, விற்றுப் பிழைக்கலாம்.

2009-ல் மெண்டாவுக்கு இந்தச் சமூக உரிமை கிடைத்தது. நாட்டிலேயே இதை முதலில் பெற்ற ஊர்களில் ஒன்று அது. ஊர் கொண்டாடியது. அதற்குப் பிறகுதான் சிக்கல்.

புதிய சட்டம் மூங்கிலைச் ‘சிறு வன மகசூல்’ என்கிறது. அதாவது தேன், இலுப்பைப்பூ மாதிரி, ஊர் எடுத்து விற்கலாம். 1927 சட்டமோ மூங்கிலை மரம் என்கிறது. மரம் என்றால் வனத்துறையின் டிரான்சிட் பாஸ் இல்லாமல் வண்டியில் ஏற்ற முடியாது. மணல் லாரியை நிறுத்திச் சீட்டு கேட்பார்கள் அல்லவா, அதே மாதிரிதான். பாஸ் கொடுக்க வனத்துறை மறுத்தது. ஊருக்கு மூங்கில் சொந்தம், வெட்டவும் உரிமை உண்டு, வாங்க ஆளும் உண்டு. ஆனால் ஊர் எல்லையைத் தாண்டி ஒரு கழி போகாது.

உரிமை கையில் இருந்தும் அதை வைத்து ஒரு ரூபாய் சம்பாதிக்க முடியவில்லை என்றால் அது என்ன உரிமை? மெண்டா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ், மூங்கிலைச் சிறு வன மகசூலாகவே நடத்த வேண்டும் என்று முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். 2011 ஏப்ரல் 27 அன்று அவரும் முதல்வர் பிருத்விராஜ் சவாணும் மெண்டாவுக்கே வந்தார்கள். டிரான்சிட் பாஸ் புத்தகம் கிராம சபையின் கையில் கொடுக்கப்பட்டது. இனி பாஸ் எழுதிக் கொடுப்பது ஊர்தான். அடுத்த ஆண்டு விதிகளே திருத்தப்பட்டு, பாஸ் கொடுக்கும் பொறுப்பு கிராம சபையின் குழுவுக்குத்தான் என்று நாடு முழுவதற்கும் ஆனது.

சில ஆண்டுகளுக்குள் அந்தச் சின்ன ஊரின் மூங்கில் வரவு கோடிக் கணக்கில் பேசப்பட்டது. கிராம சபை தன் பெயரிலேயே பான் கார்டு வாங்கியது. வெட்டுக் கூலி போக மிச்சம் ஊர்ப் பொதுக் கணக்குக்குப் போனது. மெண்டாவுக்குப் பின்னால் கட்சிரோலி மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் சமூக உரிமை பெற்றிருக்கின்றன.

வெட்டுவது ஒரு வித்தை

இங்கேதான் நம்மில் பலருக்கு ஒரு பயம் வரும். ‘ஊர்க்காரர்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டே வருஷத்தில் காட்டை மொட்டை அடித்துவிட மாட்டார்களா?’

நியாயமான பயம்தான். பதில் சொல்ல, முதலில் மூங்கில் எப்படி வளர்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மூங்கில் தனித்தனியாக வளர்வதில்லை. ஒரு தூரிலிருந்து பல கழிகள் கிளம்பும். மழைக்காலத்தில் புதுக் குருத்து மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். சில மாதங்களிலேயே முழு உயரம் போய்விடும். அதற்கு மேல் உயராது, பருக்காது. உள்ளுக்குள் இறுகி முற்றும், அவ்வளவுதான். முற்றுவதற்கு மூன்று வருஷம் வேண்டும். ஆகவே மூன்று வயசுக்குக் குறைந்த கழியைத் தொடக்கூடாது. மழைக்காலத்தில் தூர்ப் பக்கமே போகக்கூடாது, குருத்து மிதிபடும். முற்றிய கழியையும் மொத்தமாக எடுத்துவிடக்கூடாது. கொஞ்சம் விட்டுவைத்தால்தான் அடுத்த வருஷக் குருத்துக்குச் சோறும் நிழலும் கிடைக்கும், காற்றில் சாயாமல் பிடிமானமும் இருக்கும். வெட்டும்போது மண்ணுக்குச் சற்று மேலே, கணுவை ஒட்டி வெட்ட வேண்டும். பள்ளமாக வெட்டினால் தண்ணீர் தேங்கி அழுகும்.

தூரின் நடுவில் இருக்கும் கழிதான் வயசானது. வெளிவட்டத்தில் இருப்பது இளசு. அவசரக்காரர் வெளியே நின்றபடி கைக்கு எட்டிய இளசை வெட்டிக்கொண்டு போவார். நிதானமானவர் முள்ளை விலக்கி உள்ளே நுழைந்து முற்றியதை எடுப்பார். இரண்டாவதுக்கு நேரமும் உழைப்பும் கூடுதல். அடுத்த வருஷமும் இதே தூருக்கு வரப்போகிறோம் என்று தெரிந்தவர்தான் அந்தக் கூடுதல் உழைப்பைப் போடுவார்.

இதற்கு ஒரு பழைய சாட்சி கர்நாடகத்தில் இருக்கிறது. எழுபதுகளில் அங்கே மூங்கில் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. ஆலைகளுக்கு டன் ஒன்றரை ரூபாய்க்கு மூங்கில் கொடுக்க ஒப்பந்தம் போட்டிருந்த காலம் அது. ‘மூங்கில் அழியக் காரணம் ஊர்க்காரர்களும் அவர்கள் மாடுகளும்தான்’ என்றது ஆலைத் தரப்பு. ஆராயப் போனவர் சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில்.

முள் மூங்கில் தூரின் அடியில் பின்னிக் கிடக்கும் முள் இருக்கிறதே, அதை ஆலையின் ஆட்கள் சுத்தமாகக் கழித்துவிடுவார்கள். வெட்ட வசதி, தூருக்கும் நல்லது, நெரிசல் குறையும் என்பது அவர்கள் கணக்கு. ஊர்க்காரர்கள் சொன்னது நேர்மாறு. ‘அந்த முள்தான் குருத்துக்கு வேலி. முள்ளை எடுத்தால் மாடும் காட்டு மிருகமும் குருத்தைத் தின்றுவிடும்.’ காட்கிலும் அவருடைய சகாக்களும் களத்தில் அளந்து பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது. முள்ளைக் கழித்த தூர்களில் குருத்து தப்பவில்லை.

ஆலைக்கு ஒரு காட்டில் மூங்கில் தீர்ந்தால் அடுத்த காடு இருந்தது. ஊருக்கு அடுத்த காடு ஏது?

மெண்டாவிலிருந்து தள்ளி, சந்திரபூர் மாவட்டத்தில் பாச்காவ் என்ற ஊர். 2012-ல் சுமார் ஆயிரம் ஹெக்டேர் காட்டுக்கு உரிமை பெற்றது. மூங்கில்தான் இவர்களுக்கும் பெரிய வரவு. இந்த ஊர் செய்த ஒரு காரியம் என்னை அசரவைத்தது. பீடி இலை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கையில் ரொக்கமாக வரும் காசு அது. ஆனால், இலை நன்றாகத் துளிர்க்க வேண்டும் என்று கிளைகளை வெட்டுவார்கள், தரைக்குத் தீ வைப்பார்கள். தீ பட்டால் மூங்கில் குருத்து கருகும். மரம் பழுக்காமல் போனால் பறவைக்குப் பழம் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்து, ‘வேண்டாம்’ என்று கிராம சபையில் முடிவெடுத்தார்கள். காட்டில் ஒரு பகுதியை யாரும் எதையும் எடுக்கக்கூடாத இடமாகவும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில்காடு மாதிரி. எந்த அதிகாரியும் போட்ட உத்தரவு இல்லை இது. வருமானத்தை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் கையில் இருந்ததால் சொன்னார்கள்.

மரத்தையே வெட்டலாமா?

மூங்கில் சரி, தேக்கும் சாலும்? நம் வன உரிமைச் சட்டத்தின் சிறு வன மகசூலில் வெட்டு மரம் சேராது. அது வனத்துறையிடமே இருக்கிறது.

நேபாளம் இன்னும் ஓர் அடி முன்னால் போயிருக்கிறது. 1957-ல் அங்கே தனியார் காடுகளை அரசு எடுத்துக்கொண்டது. ‘இனி நம்முடையது இல்லை’ என்று ஆனதும் மக்களுக்குக் காட்டின்மேல் இருந்த அக்கறை போய்விட்டது. மலைகள் மொட்டையாகத் தொடங்கின. 1993-ல் புதிய வனச் சட்டம் கொண்டுவந்து, காட்டைப் பயன்படுத்தும் வீடுகளைக் குழுவாகச் சேர்த்து அவர்களிடமே ஒப்படைத்தார்கள். இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு திட்டம் உண்டு. காடு வருஷத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்று கணக்குப் போட்டு, அதற்குள்தான் மரம் வெட்டலாம். அசலைத் தொடாமல் வட்டியில் குடும்பம் நடத்துவது என்பார்களே, அதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டின் பரப்பில் கால்வாசி அளவில் இருந்த காடு, 2016-ல் 45 சதவிகிதத்தைத் தொட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. மக்கள் வேலை தேடி வெளிநாடு போனது போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் குழுக்களின் பங்கு பெரியது.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. நேபாளத்தில் குழுவின் வசதியான வீடுகளுக்கே நல்ல மரம் போகிறது, ஏழைகளுக்கு விறகுதான் மிஞ்சுகிறது என்ற புகார் உண்டு. அதனால்தான் நிர்வாகக் குழுவில் பாதி பெண்கள் என்றும், வருமானத்தில் ஒரு பங்கு ஏழைகளுக்கு என்றும் விதி செய்தார்கள். 2015 அரசியல் சட்டத்துக்குப் பிறகு 753 உள்ளாட்சிகள் வந்தன. அவையும் மர விற்பனையில் வரி கேட்கின்றன. ‘உள்ளாட்சி, மாகாணம், மத்திய அரசு என்று மூன்று பேரும் எங்கள் பையில் கைவிட்டால் எப்படி?’ என்று குழுக்கள் புலம்புகின்றன.

மகாராஷ்டிரத்திலும் கஷ்டம் இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்தவர் இல்லாத ஊரில் கான்ட்ராக்டர் சொன்னதுதான் விலை. மூங்கிலுக்கு வேறு ஒரு விசித்திரக் குணம் உண்டு. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூக்கும், மூங்கில் அரிசி கொட்டும், அத்தோடு தூரே செத்துப்போகும். விழுந்த விதை முளைத்து வெட்டும் பருவத்துக்கு வரப் பல வருஷம் ஆகும். மூங்கிலை மட்டும் நம்பிய ஊர் அந்த வருஷங்களை எப்படித் தாண்டும் என்பது பெரிய கேள்வி. உரிமை கிடைப்பது ஒருநாள் விழா. அதை நடத்துவது வருஷக்கணக்கான வேலை.

நம் ஊருக்கு வருவோம்

மெண்டா இருப்பது அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதியில். அங்கே பழங்குடி கிராம சபைகளுக்கு 1996-லிருந்தே கூடுதல் அதிகாரம் கொடுக்கும் ‘பெசா’ சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை. ஆனால், 2006 வன உரிமைச் சட்டம் நமக்கும் பொருந்தும். நீலகிரியோ, சத்தியமங்கலமோ, ஜவ்வாது மலையோ, கல்வராயன் மலையோ, உரிமை கேட்கும் மனு தொடங்க வேண்டிய இடம் கிராம சபைதான்.

மலை இல்லாத ஊர்க்காரர்கள், ‘எங்களுக்கு இதில் என்ன?’ என்று கேட்கலாம். உங்கள் ஊர் ஏரியைப் பாருங்கள். ஏரிக்குள் கருவேல மரங்கள் நிற்கின்றனவா? அறுபதுகளிலிருந்து சமூகக் காடுகள் என்ற பெயரில் வனத்துறை நட்டு வளர்த்து, வளர்ந்ததும் ஏலம் விட்டு, ஊராட்சிக்கும் ஒரு பங்கு கொடுக்கும் ஏற்பாடு அது. ஏலத்தன்று லாரி வருவதை நாம் பார்த்திருக்கிறோம். ரம்பம் ஓடும், இரண்டு மூன்று நாளில் ஏரி வெறிச்சோடிப்போகும், அதை நம்பியிருந்த கொக்கும் நாரையும் இடம் தேடி அலையும். ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, அது எதற்குச் செலவானது, அடுத்த நடவு எப்போது என்று ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்காவது தெரியுமா?

ஏரிக் கருவேலமும் மெண்டாவின் மூங்கிலும் ஊர்ப் பொதுச் சொத்துதான். மெண்டாவில் எந்தத் தூரை எந்த வருஷம் வெட்டுவது என்று ஊர் உட்கார்ந்து பேசுகிறது. நம் ஊரில் லாரி சத்தம் கேட்டுத்தான் நமக்கே சேதி தெரிகிறது. கேட்பாரில்லாத மரத்தை வெட்டுபவர் எப்படி வெட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே நாளில் மொத்தமாக வெட்டாமல் பாதியை விட்டுப் பாதியை வெட்டலாமே? பறவை கூடு கட்டியிருக்கும் பருவத்தைத் தள்ளி வைக்கலாமே? வந்த பணத்தில் ஒரு பங்கைக் கரையைப் பலப்படுத்த ஒதுக்கலாமே? இதெல்லாம் ஒரு கிராம சபை கேட்டுத் தீர்மானம் போடக்கூடிய விஷயங்கள். தீர்மானம் போட்டதும் எல்லாம் நடந்துவிடும் என்று சொல்லமாட்டேன். மெண்டாவுக்கே எண்பதுகளில் தொடங்கி 2011 வரை ஆனது. ஆனால் அவர்களும் முதலில் செய்தது, கூடி உட்கார்ந்து கேள்வி கேட்டதுதான்.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து எது வருகிறதோ, அந்த நாளைப் போனில் குறித்து வையுங்கள். சொந்த ஊரில் இல்லை என்றால், அங்கே இருக்கும் சித்தப்பாவுக்கோ மச்சானுக்கோ ஒரு போன் போடுங்கள். கேட்பதற்கு இரண்டு கேள்வி போதும். ‘நம்ம ஊர்ப் பொது மரம் எத்தனை, எங்கே இருக்கிறது? கடைசியாக வெட்டியபோது ஊருக்கு எவ்வளவு வந்தது?’

பதில் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.